உங்களுக்குத் தெரியுமா? கூப்பிட்ட பெயரும் குத்திய பெயரும்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் மாக்கல் யானையும் பாசிமணியும் விற்கும் பையன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே வரும் வெள்ளைக்காரரைப் பார்த்த மாத்திரத்தில் எந்த நாடு என்று ஊகித்து, அதையே பெயராக்கிக் கூப்பிடுவார்கள். "ஹலோ ஜெர்மன்!", "பிரான்ஸ், பிரான்ஸ்!" ஊகம் சரியாக இருந்தால் வந்தவர் சிரித்துக்கொண்டே நிற்பார், வியாபாரம் நடக்கும். இரண்டு மார்கழிக்கு முன்பு ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு பையன் "ரஷ்யா, ரஷ்யா" என்றான். அந்தப் பெண் நின்றார். "உக்ரைன்" என்றார். கையில் எடுத்திருந்த யானையைத் துணியின் மேல் பழையபடி வைத்துவிட்டுக் கடற்கரைக் கோயில் பக்கம் நடந்துவிட்டார். பையன் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் சுருக்கி மனிதர்கள் மேல் ஒட்டும் வழக்கத்தை அன்றிலிருந்து கவனித்து வருகிறேன். அப்படிச் சேர்ந்தவை இவை.

மலைக்கு வந்த பட்டப்பெயர்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பரங்கிமலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு பட்டப்பெயர்தான். ஐரோப்பாவின் 'பிராங்க்' இனத்தாரை அரபியரும் பாரசீகரும் 'ஃபரங்', 'ஃபிரங்கி' என்றார்கள். அது தமிழுக்கு வந்து பரங்கி ஆயிற்று. போர்த்துகீசியர் அந்தக் குன்றில் மாதா கோயில் கட்டியதால் அது பரங்கியர் மலை. இன்று ரயில் நிலையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் அதே பெயர்தான், யாருக்கும் உறுத்தவில்லை.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்த காய்க்கும் நாம் பரங்கிக்காய் என்று பெயர் வைத்தோம். அதோடு நிற்கவில்லை. மேகநோய்க்குப் பரங்கிப்புண் என்று பெயர். இந்த விஷயத்தில் உலகமே ஒரு மாதிரிதான் நடந்துகொண்டது: இத்தாலியர் அந்த நோயைப் பிரெஞ்சு வியாதி என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் வியாதி என்றார்கள், ரஷ்யர் போலந்து வியாதி என்றார்கள். அவரவர் அடுத்த வீட்டுக்காரன் தலையில் கட்டினார்கள்.

"நான் பரங்கி இல்லை"

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, தம்மைப் 'பரங்கி' என்று யாரும் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார் என்பது தெரியுமா? அவருக்கு முன் அங்கே வேலை செய்த பாதிரிமார், மதம் மாற வருபவரிடம் "பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?" என்று கேட்டு வந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை பரங்கி என்றால் கிறிஸ்தவர். கேட்டுக்கொண்டிருந்த மதுரைக்காரருக்கோ மாட்டிறைச்சி தின்பவர், குடிப்பவர், குளிக்காதவர். நொபிலி காவி கட்டினார், மரக்கட்டைச் செருப்பில் நடந்தார், தாம் ரோமாபுரியின் உயர்குடி என்று சொல்லிக்கொண்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கும். 'பிராங்க்' என்ற சொல்லில் எந்த வசையும் இல்லை. சாதிப் படிக்கட்டில் கீழே தள்ளிவைக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, கிடைத்த நாட்டுப் பெயரை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். நொபிலியும் அந்தப் படிக்கட்டை இடிக்கவில்லை, மேல்படியில் போய் நின்றுகொண்டார்.

கடல் தாண்டினால்

அதே சொல் இலங்கையில் ஒரு சமூகத்தின் முறையான பெயர். போர்த்துகீசிய, டச்சுக் கலப்பு வழிவந்த பர்கர் மக்களைத் தமிழில் 'பறங்கியர்' என்றே குடிசன மதிப்பீட்டிலும் எழுதுகிறார்கள். மதுரையில் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் துடைத்தெறியப் பார்த்த பெயர் அங்கே பாடப்புத்தகத்தில் சாதாரணமாக இருக்கிறது.

'சோனகர்' என்பதும் இப்படித்தான். கிரேக்கரைக் குறித்த அயோனியா, யவனர் ஆகி, சோனகர் ஆயிற்று என்பது பெரும்பாலோர் சொல்வது. இன்று 'இலங்கைச் சோனகர்' என்பது அங்குள்ள பெரும்பாலான முஸ்லிம்களின் அரசுப் பதிவுப் பெயர்.

துலுக்கு

துருக்கி என்ற பெயரின் தமிழ் வடிவம் துலுக்கு. துருக்கியைக் கண்ணால் பார்க்காத, நம்மைப் போலவே தமிழ் பேசும் மரைக்காயரையும் ராவுத்தரையும் அந்தப் பெயரால் குறிப்பிட்டார்கள். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது. செங்கல்பட்டு, சென்னைப் பக்கம் துலுக்காணத்தம்மன் கோயில்கள் பல. துலுக்காணம் என்று பெயர் வைத்துக்கொண்ட இந்துப் பெரியவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். சாமிக்கும் பிள்ளைக்கும் வைத்த பெயர் வசையாக இருக்க முடியாது.

ஆனால் இன்று ஒரு முஸ்லிமைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் அது அடிதான். ஒரு நூற்றாண்டு காலம் அந்தச் சொல்லை எந்த வாய்கள் எந்தத் தொனியில் பயன்படுத்தின என்பது கேட்பவருக்குத் தெரியும். "எங்க தாத்தா காலத்துல எல்லாரும் சொன்னதுதானே" என்று வாதாடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தாத்தா காலத்தில் யாரும் அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

ஊர்ப் பெயரையும் சுருக்கினார்கள்

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டினார்கள். உள்ளே இருக்கும் கல்லறைக் கற்களில் செதுக்கு வேலை அத்தனை நுணுக்கம். நம் ஆட்கள் அவர்களை 'ஒல்லாந்தர்' என்றார்கள். அவர்கள் நம் ஊரைச் 'சட்ராஸ்' என்று முறித்தார்கள். கோவளம் 'கோவ்லாங்' ஆனது, செங்கல்பட்டு 'சிங்கில்புட்' ஆனது. 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கடலில் மோதியது வரலாற்றில் சட்ராஸ் போர் என்றே பதிவாகியிருக்கிறது. நாக்குக்கு வராததால் முறிந்த பெயர்கள் இவை. இவற்றில் எனக்கு வருத்தம் கிடையாது.

மதராசி: ஒரு சொல், இரண்டு ஓசை

மதராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு ஆனது. தலைநகரம் 1996-ல் சென்னை ஆனது. 'மதராசி' மட்டும் ஓயவில்லை. 1966-ல் தொடங்கிய சிவசேனா பம்பாயில் முதலில் குறிவைத்தது தென்னாட்டாரைத்தான். உடுப்பி ஓட்டல்காரர், பாலக்காட்டு டைப்பிஸ்ட், திருநெல்வேலி கடைக்காரர் எல்லோரும் அங்கே ஒரே 'மதராசி'. வேட்டியையும் பேச்சையும் சேர்த்துக் கேலி செய்தார்கள்.

அதே சொல்லை நீலகிரி வெலிங்டனில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் போர்முழக்கம், "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" அந்த வரிசையில் நிற்பவர்களில் மலையாளி, தெலுங்கர், கன்னடர், தமிழர் எல்லோரும் உண்டு. பெயரை அவர்களே எடுத்துத் தங்கள் வாயால் சொல்கிறார்கள். பம்பாயில் அதைத் தென்னாட்டார் மேல் எறிந்தார்கள்.

பாண்டி, கொங்கா, அரவ

அக்கம்பக்கத்து மாநிலங்களில் தமிழருக்கு என்ன பெயர் தெரியுமா? கேரளத்தில் 'பாண்டி'. பாண்டிய நாட்டின் பெயர் அது, மூவேந்தரில் ஒரு குலத்தின் பெயர். அங்கே அது லாரியோடும் அழுக்கோடும் சேர்த்துச் சொல்லும் சொல்லாகிவிட்டது. கர்நாடகத்தில் 'கொங்கா'. கொங்கு நாட்டிலிருந்து வந்தது. காவிரித் தகராறு சூடேறும் ஆண்டுகளில் பெங்களூரில் அந்தச் சொல் காதில் விழுந்தால் தமிழர்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

மூன்றாவது இந்தக் கரைக்காரருக்கு இன்னும் நெருக்கம். தெலுங்கில் தமிழை 'அரவம்' என்பார்கள், தமிழரை 'அரவ' ஆட்கள் என்பார்கள். தமிழில் அரவம் என்றால் சத்தம், பாம்பு என்று பொருள் உண்டல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு கிண்டல் விளக்கங்கள் நிறைய வந்துவிட்டன. ஆய்வாளர்கள் பலர் சொல்வது வேறு. செந்தமிழ் நாட்டைச் சூழ்ந்த பன்னிரு நிலங்கள் என்று இலக்கண உரைகள் தரும் பட்டியலில் அருவா நாடு, அருவா வடதலை நாடு என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. தொண்டை மண்டலத்து நிலம் அது என்பது பரவலான கருத்து. தெலுங்கர் தெற்கே இறங்கினால் முதலில் கால் வைக்கும் தமிழ் மண் இதுதான், ஆகவே முதலில் கேட்ட நாட்டின் பெயரையே மொத்தத் தமிழுக்கும் வைத்துவிட்டார்கள். பாலாற்றங்கரை விவசாயியின் பழைய நாட்டுப் பெயர் அடுத்த மாநிலத்தில் கேலிச் சொல்லாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, நாம்? 'மல்லு' என்கிறோம். தெலுங்கு என்பதைத் தலைகீழாக்கிக் 'கொல்டி' என்கிறோம். கல்லூரி விடுதிகளில் இரண்டும் அன்றாடப் பேச்சு. நண்பர்களுக்குள் அது ஓடும். வாத்தியார் வாயிலிருந்து வந்தால் கேட்ட பையன் நாலு நாள் பேசமாட்டான்.

தம்பி

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினார்கள். அவர்களை வரவேற்று நின்ற சின்னம் வேட்டி சட்டை போட்ட குதிரை, பெயர் 'தம்பி'. நம் மொழியில் அறியாதவரையும் சொந்தமாக்கிவிடும் சொல் அதுதான். டீக்கடையில், பேருந்தில், வழி கேட்கும்போது "தம்பி" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களுக்கும் செல்லப்பெயர் 'தம்பி'.

இந்தச் சொல்லுக்கு வேறு முகமும் உண்டு. ஆங்கிலேயர் கால மலாயாவில் அலுவலகங்களில் காகிதம் தூக்கி ஓடும் ஆளுக்கே 'தம்பி' என்று பெயர், அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர் என்பதால். நரைத்த தலைக்காரரும் துரைக்குத் தம்பிதான். இலங்கையிலோ 'தம்பியா' என்பது முஸ்லிம்களை இழிவாகச் சொல்லும் சிங்களச் சொல். நாம் பாசத்தில் குழைத்து வைத்திருக்கும் சொல்லைக் கேட்டு அங்கே ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார். இது தெரிந்த பிறகு, "சொல்லுல என்னங்க இருக்கு" என்று என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை.

"நான் உனக்கு எஜமானன் இல்லையே"

1860 அக்டோபரில் மதராஸ் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். பின்னால் போன கப்பல்களின் பதிவேடுகளில் சொந்த மாவட்டம் என்ற இடத்தில் வட ஆற்காடும் செங்கல்பட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

அவர்களுக்கு அங்கே இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று 'கூலி'. தமிழின் கூலிதான் அது என்பார் பலர், குஜராத்தின் கோலி இனப் பெயர் என்பாரும் உண்டு. வேலைக்குக் கொடுக்கும் காசின் பெயர் மனிதனின் பெயராகி, பிறகு வியாபாரி, வக்கீல், குழந்தை என எல்லா இந்தியருக்கும் இனப்பெயராகிவிட்டது. காந்தியே அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான்.

இன்னொரு பெயர் 'சாமி'. முத்துசாமி, ராமசாமி, வீராசாமி என்று முக்கால்வாசிப் பேர் பெயரும் சாமியில் முடிந்ததால் வெள்ளையர்கள் வாலை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரையும் அப்படியே கூப்பிட்டார்கள். காந்தி தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அப்படிக் கூப்பிட்ட வெள்ளையரிடம் சில இந்தியர்கள், "சாமி என்றால் எஜமானன் என்று பொருள், நான் உங்களுக்கு எஜமானன் இல்லையே" என்று சொல்வார்களாம். சிலர் சுருங்கிப்போவார்கள், சிலர் அடிக்கவே கை ஓங்குவார்கள். கையில் வேறு எந்தப் பலமும் இல்லாத மனிதர்கள் பொருளைச் சொல்லியே நிமிர்ந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

தெருப் பெயர் மாறியது

மலாய் மொழியில் தென்னிந்தியருக்குக் 'கெலிங்' என்று பெயர். கலிங்கத்திலிருந்து வந்த சொல். மலாக்காவில் 1748-ல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இரண்டும் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கௌரவத்துக்குச் சாட்சி. கைதிகளும் தோட்டக்கூலிகளும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய பிறகு அதே சொல் சிறுத்துப்போனது. கைதிகளின் சங்கிலிச் சத்தத்தால் வந்த பெயர் என்று புதுக்கதையும் முளைத்தது. சிங்கப்பூரில் இந்தியர்கள் மறுப்புத் தெரிவித்து, கிளிங் தெரு 1920-களின் தொடக்கத்தில் சூலியா தெருவாக மாறியது. மலேசியாவில் அகராதியில் அந்தச் சொல் இருப்பதை எதிர்த்து 2003-ல் வழக்கே போட்டார்கள். பள்ளிவாசல்கள் பழைய பெயரோடுதான் இருக்கின்றன. அதை எடுக்கச் சொல்லி அங்கே தொழுகிறவர்கள் கேட்கவில்லை.

பர்மாவும் பருப்பும்

பர்மாவில் இந்தியரைக் 'கலா' என்பார்கள். 1960-களில் அங்கிருந்து மூட்டை முடிச்சோடு வந்த பெரியவர்களுக்கு அந்தச் சொல் காதில் இன்னும் சுடும். 2017-ல் வெறுப்புப் பேச்சைத் தடுக்கிறேன் என்று ஃபேஸ்புக் அந்தச் சொல் வந்த பதிவுகளை நீக்கத் தொடங்க, பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் காணாமல் போயின. ஏனென்றால் கடலைப்பருப்பின் பர்மியப் பெயரே 'கலா பே'. பரங்கிக்காய் சமைக்கும் நமக்கு அவர்கள் திகைப்பு நன்றாகப் புரியும்.

பாக். என்பதும் பாக்கி என்பதும்

நம் நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் ஆஸி., பாக்., நியூசி., தெ.ஆ. எல்லாம் தினமும் வரும். தலைப்பில் இடம் போதாது, அதனால் புள்ளி வைத்து நிறுத்துகிறார்கள். பாகிஸ்தான் என்ற பெயரே 1933-ல் சௌத்ரி ரஹ்மத் அலி பல பகுதிகளின் எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கியதுதான்.

லண்டனில் அதே சுருக்கத்தோடு ஓர் இகரம் சேர்ந்து 'பாக்கி' ஆனால் கதை வேறு. 1960-களிலும் 70-களிலும் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு வந்து தெருவில் அடித்தார்கள். அடி வாங்கியவர்களில் பஞ்சாபியர், வங்காளிகள், குஜராத்தியர், இலங்கைத் தமிழர் என எல்லோரும் உண்டு. அடித்தவன் பாஸ்போர்ட் பார்க்கவில்லை. 2009-ல் இளவரசர் ஹாரி தம்முடன் ராணுவப் பயிற்சியில் இருந்தவரை அப்படிச் சொன்ன பழைய வீடியோ வெளிவந்தபோது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நண்பர் என்ற முறையில் செல்லமாகச் சொன்னது என்று விளக்கமும் வந்தது. அந்தச் சொல்லோடு ரத்தம் ஒட்டியிருக்கும்போது செல்லம் எங்கே இருந்து வரும்?

'ஆஸி' அப்படி இல்லை. ஆஸ்திரேலியரே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நியூசிலாந்துக்காரருக்குக் 'கிவி' என்றால் பெருமை. அந்தப் பெயர்களை முழக்கமாக வைத்துக்கொண்டு யாரும் அவர்கள் வீட்டுக் கதவை உடைத்ததில்லை.

மரியாதைக்கு வைத்த சாலை

அமெரிக்காவின் டெக்சாஸில் 'ஜாப் ரோடு' என்று ஒரு சாலை இருந்தது. நூறாண்டுக்கு முன் அங்கே நெல் பயிரிட்ட ஜப்பானியக் குடும்பத்தின் நினைவாக, மதித்து வைத்த பெயர் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஜப்பானிய வம்சாவளி மக்களை அவர்கள் சொந்த நாடே முள்வேலி முகாம்களில் அடைத்தது. சுவரொட்டிகளில் 'ஜாப்' என்றால் எதிரி. 2004-ல் அந்தச் சாலையின் பெயரை மாற்றினார்கள்.

சட்டைக்காரர்

பல்லாவரம், பரங்கிமலை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நம் ஊர்ப் பெயர் 'சட்டைக்காரர்'. எல்லோரும் மேல்துண்டோடு நடந்த காலத்தில் அவர்கள் கோட்டு போட்டார்கள். உடுப்பைச் சொன்ன பெயர்தான், இருந்தாலும் பெண்ணாக்கிச் சொல்லும்போது அதில் ஓர் இளிப்பு ஏறிவிடும்.

மூக்கைப் பார்த்து

பழைய மாமல்லபுரம் சாலையில் இறங்கி எந்த உணவகத்துக்கோ சலூனுக்கோ போனாலும் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களைச் 'சிங்கி' என்கிறார்கள், 'சப்பமூக்கு' என்கிறார்கள், கொரோனா காலத்தில் அந்த நோயின் பெயரையே வைத்தார்கள். 'சிங்கி' என்பது இந்தியக் குடிமகனைச் சீனன் என்று சொல்லும் பெயர். 2012-ல் மத்திய உள்துறை, வடகிழக்கின் பழங்குடியினரை இப்படி அழைப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதியலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 5 ஆண்டு வரை சிறை. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா, டெல்லி லஜ்பத் நகரில் முடியையும் தோற்றத்தையும் கேலி செய்தவர்களோடு ஏற்பட்ட தகராறில் அடிபட்டு இறந்தார். வயது இருபதுக்குள். பட்டப்பெயர் வெறும் பேச்சுதானே என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பையனின் பெயரைச் சொல்வேன்.

வடக்கத்தியான் யார்?

இன்று நாம் பீகாரியை 'வடக்கன்', 'வடக்கத்தியான்' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் 'வடக்கத்தியான்' என்றால் யார் தெரியுமா? நாம்தான். பாக்கு நீரிணைக்கு வடக்கே இருந்து வந்தவர் என்று பொருள். வடக்கத்தியானை நம்பாதே என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு இன்னும் கொடுமை. இலங்கையில் இருந்தவரை 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்'. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. இங்கே வந்து இறங்கியதும் அவர்கள் 'சிலோன்காரர்' ஆனார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன், எந்தக் கரையிலும் ஊர்க்காரன் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை விட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகை மாறினால் ஓலைக்கூரை மாறிவிடாது என்று அப்போது சிலர் சொன்னார்கள். முகாமில் பிறந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளிடம் கேட்டால், வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு சொல் எவ்வளவு கனம் என்று சொல்வார்கள்.

சிரித்துக்கொண்டே கேட்டவர்

2020-ல் மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் கேப்டன் டேரன் சாமி ஒன்றைச் சொன்னார். ஐதராபாத் ஐபிஎல் அணியில் தம்மையும் இலங்கையின் திசர பெரேராவையும் 'காலு' என்று கூப்பிட்டார்களாம். பலசாலிக் குதிரை என்று அர்த்தம் போல என்று நினைத்து அவரும் சிரித்திருக்கிறார். கறுப்பன் என்று அர்த்தம் தெரிந்த நாளில் அந்தச் சிரிப்புகள் எல்லாம் அவருக்கு வேறாகிவிட்டன. பிறகு ஒரு வீரர் பேசி, அன்பில் சொன்னது என்று விளக்கினார், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அர்த்தம் தெரியாதவரைப் பார்த்துச் சொல்லும் பட்டப்பெயரில், சொல்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே பெரிய குற்றம் என்பது என் கருத்து.

கணக்கு நோட்டு

கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையில் அடுக்குமாடி வேலை நடக்கும் இடத்துக்கு எதிரே ஓர் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். கம்பி கட்டுகிற, பூச்சு வேலை செய்கிற பையன்கள் சனிக்கிழமை கூலி வாங்கித்தான் பணம் கொடுப்பார்கள். அதற்கு நீள அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கம் பக்கமாகத் தலைப்பு: இந்தி 1, இந்தி 2, இந்தி 3, இந்தி குள்ளம். எண்ணெய்க் கை பட்டு ஓரமெல்லாம் மஞ்சள். பையன்கள் அவரைக் கூப்பிடுவது "அக்கா" என்று. இந்த ஊருக்கு வந்ததும் அவர்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அது.

நான் போன அன்று 'இந்தி 2' பணம் கொடுக்க வந்தான். அக்கா அவன் பக்கத்தைத் திருப்பி, "இந்தி... முந்நூத்தி நாப்பது" என்று வாய்விட்டுக் கூட்டினார். பையன் தலையை ஆட்டினான். "இந்தி இல்ல அக்கா. ஒடியா."

"இந்தி பேசலியா நீ?"

"பேசும். வீட்ல ஒடியா."

அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "உன் பேரு என்னடா?" என்று கேட்டார். மூன்று மாதமாக டீ குடிக்கிறான், அன்றுதான் கேட்கிறார். அவன் சொன்னது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை சொல்ல வைத்தார். பிறகு பேனாவால் 'இந்தி 2' மேல் ஒரு கோடு இழுத்து, கீழே அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அவன் எட்டிப் பார்த்தான், தமிழ் படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தான். 'இந்தி 1', 'இந்தி குள்ளம்' இரண்டு பேரையும் அக்கா அப்போதே கூப்பிட்டுக் கேட்டு எழுதினார்.

'இந்தி 3' மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பையன் ஊருக்குப் போயிருக்கிறான், தங்கை கல்யாணமாம். பாக்கி 110 ரூபாய்.